எந்திரிச்சா கண்ணு போச்சு

பதுளைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் கண் ஒப்பரேஷன் தியேட்டரில் அவள் அட்டெண்டன். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல மாட்டேன். அவள் பெயரையும் சொல்ல மாட்டேன். சொன்னால் அவளுக்குக் கோபம் வராது, "பேரப் போட்டவ படத்தையும் போட்டுருக்கலாம்ல" என்பாள். மற்றவர்களுக்குத்தான் வரும். வயதுக்காவது 'அவர்' என்று எழுதலாம்தான். எழுதினால் அது வேறு யாரோ ஆகிவிடும். மரியாதை என்கிற சாமானை அவள் யாருக்கும் கொடுத்ததில்லை, யாரிடமும் எதிர்பார்த்ததும் இல்லை. மேட்ரனிலிருந்து வாசலில் நிற்கிற காவல்காரர் வரை அவளைப் பற்றி ஒரே பேச்சுத்தான்: மரியாதை தெரியாத பொம்பளை.

நான் அங்கே நர்ஸ். தொண்ணூறுகளின் நடுவில், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாகப் போய்ச் சேர்ந்தேன். ஸ்பிரிங்வெளிக்குப் போகிற வழியில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர் வரிசை வீட்டில், பிறந்து நர்ஸ் ஆனவள் என்பதால் தலை கொஞ்சம் கனத்துத்தான் இருந்தது. முதல் நாள் அவள் துடைப்பத்தில் சாய்ந்துகொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"தோட்டத்துப் புள்ளையா?"

"பதுளை டவுன்" என்றேன்.

"டவுன்ல எந்த லயம்?"

அன்றிலிருந்து எனக்கு அவளைப் பிடிக்காது. அவள் என்னை 'டவுன்காரி' என்றே கூப்பிட்டாள். நோயாளிகள் முன்னாலும் கூப்பிட்டாள். நான் மேட்ரனிடம் புகார் சொன்னேன். மேட்ரன் சிங்களத்தில் பெருமூச்சு விட்டார். அவரை அவள் என்ன பெயர் வைத்துக் கூப்பிடுகிறாள் என்று அவருக்கும் தெரியும்.

தரை துடைப்பது, தள்ளுவண்டி தள்ளுவது, பெட்பேன் கழுவுவது, இவ்வளவுதான் அவள் வேலை. நோயாளியின் கையைப் பிடிப்பது அந்தப் பட்டியலில் இல்லை. அதை அவளாகவே எடுத்துக்கொண்டாள். கண்புரை ஒப்பரேஷன் என்பது, தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், ஆள் முழித்துக்கொண்டிருக்கையிலேயே நடக்கிற காரியம். அந்தக் காலத்தில் கண்ணுக்குப் பக்கத்தில் ஊசி போட்டு மரத்துப்போக வைப்பார்கள். கண்தான் மரத்துப்போகும். காது மரக்காது, கால் மரக்காது, பயம் மரக்கவே மரக்காது. முகத்தைப் பச்சைத் துணியால் மூடி, கண்ணுக்கு மட்டும் ஓட்டை விட்டு, மேலே விளக்கைப் போட்டுவிட்டு 'அசையாதே' என்றால் தோட்டத்துக் கிழவன் என்ன செய்வான்? துணிக்கு அடியில் கையை நீட்டித் தேடுவான். அங்கே அவள் கை இருக்கும். ஆள் குள்ளம், கை மட்டும் பெரிசு.

அந்தக் கைக்கு ஒரு சட்டம் வைத்திருந்தாள். பேசினால் தாடை ஆடும், தாடை ஆடினால் கண் ஆடும். ஆகவே பேச்சுக் கிடையாது. ஓர் அமுக்கு அமுக்கினால் இருமல் வருகிறது. இரண்டு அமுக்கினால் வலிக்கிறது. மூன்று அமுக்கினால் ஒண்ணுக்கு வருகிறது. எந்த அமுக்கு வந்தாலும் அவள் "டொக்டர், கைய எடுங்க" என்பாள், டொக்டர் கையை எடுப்பார். எங்கள் டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். மெல்லிய விரல், அதைவிட மெல்லிய குரல். யாரானாலும் ஐயா, அம்மா என்றுதான் கூப்பிடுவார். அவ்வளவு நல்ல மனுஷன் ஒரு பெட்பேன் கழுவுகிறவள் சொல்கிறபடி கத்தியைக் கீழே வைப்பதைப் பார்க்க எனக்கு வயிறு எரியும்.

அவளுக்குப் பொய் வராது. ஊசி போடுவதற்கு முன்னால் டொக்டர், "நோகாது அம்மா, எறும்பு கடிச்ச மாதிரித்தான் இருக்கும்" என்பார். அவள் உடனே நடுவில் விழுவாள்.

"எறும்பு கடிச்சதுக்கு எவ ஆஸ்பத்திரிக்கு வர்றா? கொளவி கொட்டுன மாதிரி இருக்கும் அக்கா. மலையில கொட்டு வாங்கியிருக்கீங்கல்ல, அதேதான். பத்து எண்ணுங்க. பத்துக்கு மேலயும் வலிச்சா என்னைய ஏசுங்க."

அப்புத்தளைப் பக்கத்துக் கொழுந்துக்காரி ஒருத்திக்குப் பத்துக்கு மேலேயும் வலித்தது. சொன்னபடியே ஏசினாள். அம்மா, ஆத்தா, பிறந்த லயம், வளர்ந்த காம்பரா ஒன்றையும் விடவில்லை. இவள் கையைப் பிடித்தபடி ரசித்துக் கேட்டுவிட்டு, "அந்த நடுவுல ஒண்ணு சொன்னீங்களே, அத இன்னொரு தரம் சொல்லுங்க, நான் மேட்ரனுக்கு வச்சுக்கிறேன்" என்றாள். டொக்டருக்குச் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. அந்த அம்மாளும் துணிக்கு அடியில் சிரித்துவிட்டு ஆடாமல் படுத்தாள்.

காலையில் தியேட்டரைத் திறந்ததும் முதலில் அவளே மேசையில் ஏறி மல்லாந்து படுப்பாள். மேட்ரன் பார்த்தால் பத்ரகாளி ஆவார். "நோயாளிய எங்க படுக்க வைக்கிறோம்னு ஒங்கள்ல யாருக்காவது தெரியுமா?" என்பாள். படுத்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தாளாம், முப்பது வருஷம் முதுகில் கூடை சுமந்தவளுக்கு நீட்டிப் படுத்தால் இடுப்பு விட்டுப்போகும் என்று. ஒரு பழைய கம்பளியைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைப்பாள். கால் குளிராமல் மேஜோடு போடுவாள். அந்த மேஜோடுகள் எங்கிருந்து வந்தன என்று கேட்கக்கூடாது; டொக்டருடைய ஒரு சோடி அதில் இருந்தது எனக்குத் தெரியும். கடைசியாக வாயைத் திறக்கச் சொல்லி விரலை விட்டு, கன்னத்தில் ஒதுக்கிய வெற்றிலையைத் தோண்டி எடுப்பாள். "உள்ள வெத்தலையப் போட்டுக்கிட்டு இருமுனீங்கன்னா நாங்க எல்லாரும் செவப்பாயிருவோம்."

ஒரு முறை கொழும்பிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் தியேட்டரைப் பார்க்க வந்தார். எல்லோரும் விறைத்து நின்றோம். டொக்டர்கூட நின்றார். இவள் மட்டும் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். அதிகாரி பார்த்தார். "நோயாளி கையப் புடிச்சிருக்கேன் சார், எந்திரிக்க ஏலாது" என்றாள். அதிகாரி ரொம்பவும் நெகிழ்ந்து, இப்படிப்பட்ட ஊழியர்கள்தான் வேண்டும் என்று ஆங்கிலத்தில் பேசிவிட்டுப் போனார். அந்த நோயாளிக்கு ஒப்பரேஷன் முடிந்து, கண்ணில் கட்டும் போட்டு, அரை மணி நேரம் ஆகியிருந்தது. அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

இப்படி அவளைப் பற்றிச் சிரித்துக்கொண்டே சொல்லிப் போகலாம். ஆனால் பூனாகலைத் தாத்தாவைச் சொல்லாமல் போனால் நான் பொய்க்காரி.

நான் சேர்ந்து இரண்டாம் வருஷம். அன்றைக்கு வார்டில் யாரோ வாந்தியெடுத்துவிட்டார்கள் என்று மேட்ரன் அவளைத் துடைக்க அனுப்பிவிட்டார். மேசையில் பூனாகலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாத்தா. அவருக்குக் கை பிடிக்க நான் நின்றேன். பிடித்தேன் என்று சொல்ல முடியாது, உறை போட்ட இரண்டு விரலால் தொட்டுக்கொண்டு நின்றேன். கண்ணைத் திறந்து புரையை எடுக்கிற நேரம். தாத்தா ரொம்ப அமைதியாக இருக்கிறாரே என்று டொக்டருக்குச் சந்தேகம்.

"ஐயா, சுகமா இருக்கிறியளோ?" என்றார்.

தாத்தாவிடமிருந்து சத்தமில்லை. யாழ்ப்பாணப் பேச்சு விளங்கவில்லையோ, பயமோ. நான் பெரிய கெட்டிக்காரி மாதிரி குனிந்து, "தாத்தா, தொரை கேக்குறாரு. பதில் சொல்லுங்க" என்றேன்.

எங்கள் தோட்டங்களில் பெரிய மனுஷன் யாரானாலும் துரைதான். அதைத்தான் நினைத்தேன். நினைக்காதது ஒன்று இருந்தது. துரை பேசினால் படுத்துக்கொண்டு கேட்கிறவன் தோட்டத்தில் கிடையாது. வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் விடியாத பொழுதில் நாற்பது வருஷம் எழுந்து நின்ற உடம்பு அது. தாத்தா எழுந்துவிட்டார். துணி, விளக்கு, கண்ணுக்குள் இருந்த கத்தி, எதையும் பார்க்காமல் விருட்டென்று எழுந்து உட்கார்ந்து, தலையில் இல்லாத துண்டை எடுக்கக் கையை உயர்த்தினார். கண்ணுக்குள் இருக்க வேண்டியது வெளியே வந்துவிட்டது. அதற்கு மேல் எழுத எனக்கு மனசு வரவில்லை.

அவர் அலறவில்லை. டொக்டர் இருந்த பக்கம் கைகூப்பி, "மன்னிச்சுக்கங்க தொரை, படுத்துக்கிட்டே இருந்துட்டேன்" என்றார்.

துடைப்பத்தோடு திரும்பி வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அன்று முழுக்க வார்டில் அந்தத் தாத்தா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் துணி அறைக்கு வந்து என்னைப் பிடித்தாள்.

"என்னாடி சொன்ன அந்த மனுசன்கிட்ட?"

"தொரைன்னு சொன்னேன்."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு நல்லது. "நீயும் பெரட்டுக்களத்தப் பாத்து வளந்தவதான? அந்தச் சொல்லக் கேட்டா காலு தன்னால எந்திரிக்கும்னு ஒனக்குத் தெரியாதா? தெரியாதுதான். நீ டவுன்காரில்ல?" என்றாள். நான் தேம்பித் தேம்பி அழுதேன். "அழு. அழுதுட்டு வந்து தட்டெல்லாம் கழுவி வையி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் தியேட்டரில் சட்டம் மாறியது. துரை என்ற சொல்லை யாரும் உச்சரிக்கக் கூடாது. ஐயா, அம்மா எதுவும் கூடாது. டொக்டர் வாயே திறக்கக் கூடாது; நோயாளியிடம் ஏதும் கேட்க வேண்டுமென்றால் அவளிடம் சைகை காட்ட வேண்டும்.

"அப்ப நான் என்ன ஊமையோ?" என்றார் டொக்டர் பாவமாக.

"கத்தி கையில இருக்கிற வரைக்கும் ஊமைதான். வெளிய போய் எம்புட்டு வேணும்னாலும் பேசிக்கங்க."

அவரும் மண்டையை ஆட்டினார். அந்தக் கண்ணை நினைத்து அவரும் தூங்கியிருக்க மாட்டார். அன்றிலிருந்துதான் ஒவ்வொரு நோயாளியையும் படுக்க வைத்ததும் காதில் அவள் அந்த வாக்கியத்தைச் சொல்ல ஆரம்பித்தாள்: "கடவுளே வந்தாலும் எந்திரிக்கக் கூடாது. எந்திரிச்சா கண்ணு போச்சு." கடவுளைச் சேர்த்ததில் கோயில் தலைவர் ஒருவருக்கு வருத்தம். அவருக்கும் கண்புரை வந்தபோது அதையே சொன்னாள்.

நான் மனசு பொறுக்காமல் இந்தக் கதையை வீட்டில் சொன்னேன். அதுதான் நான் செய்த இரண்டாவது முட்டாள்தனம். அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா கவ்வாத்துக்காரர், வருஷக்கணக்காகக் கத்தியால் தேயிலைச் செடியைக் கழித்து விட்டவர். நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே வெட்டின செடியின் மிளாறு குத்தி அவருக்கு இடது கண் போய்விட்டது. மிச்சம் வலது கண்தான். இரண்டாயிரம் பிறந்ததுமே அதிலும் வெள்ளை படர்ந்தது. ஒப்பரேஷன் செய்யலாம் என்றால் காதில் வாங்கவே மாட்டார்.

"அந்தாளு மாதிரி நானும் எந்திரிச்சுருவேன்மா. எனக்கு என்னையத் தெரியும்."

வருஷத்துக்கு வருஷம் மோசமானது. தேத்தண்ணியைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றினார். ஒரு நாள் லயத்து முனையில் நின்ற மாட்டைக் கணக்கப்பிள்ளை என்று நினைத்து, துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கும்பிட்டார். லயமே சிரித்தது. விஷயம் தெரிந்ததும் அவரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த வாரமே கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

டொக்டர் கண்ணைப் பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார். என்னிடம் சொன்னார்:

"ஐயாவுக்கு இந்த ஒரு கண்தானே. முழு மயக்கம் குடுக்கேலாது, நெஞ்சு இழுக்குது. ஊசி போடலாம். பெரும்பாலும் ஒண்டும் நடக்காது. ஆனா ஊசி முனை தப்பித்தவறி ஒரு பிசகு செய்தா, திருப்பிப் பாக்க இவருக்கு மற்றக் கண் இல்லை. எனக்குப் பயமாக் கிடக்கு. இப்ப சொட்டு மருந்து வந்திருக்கு. ஊசியே இல்லை. ஆனா கண் கட்டுப்படாது, அசையும். அவராத்தான் அந்த வெளிச்சத்தைப் பாத்தபடி அசையாமல் கிடக்க வேணும்."

அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "என்னையக் கட்டிப் போட்டுருங்க தொரை" என்றார். சொல்லும்போதே எழுந்து நின்றுவிட்டார். டொக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

மூலையில் சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தவள் திரும்பினாள். அவளை யாரும் கூப்பிடவில்லை.

"கட்டிப் போட நீங்க என்னா மாடா? கட்டிப் போட்டு எடுத்த கண்ண வச்சு என்னாத்தப் பாக்கப் போறீங்க? ஒக்காருங்கண்ணே. எந்தத் தோட்டம்? ஞாயித்துக்கெழம வர்றேன். சோறு ஆக்கி வைங்க, கருவாடு இருந்தா நல்லது." என் பக்கம் திரும்பி, "டவுன்ல எந்த லயம்னு அன்னைக்கே கேட்டேன், இப்பயாச்சும் வழி சொல்லு" என்றாள்.

சொன்னபடி வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கி மூன்று மைல் ஏறி, மூச்சு வாங்க, தியேட்டரிலிருந்து கிளப்பிய பழைய பச்சைத் துணியோடு வந்தாள். வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராவிலிருந்து நீளப் பெஞ்சு ஒன்றைத் தூக்கி வரச் சொல்லி, லயத்து வாசலில் போட்டாள். அப்பாவைப் படுக்க வைத்து, முழங்காலுக்கு அடியில் கம்பளியைச் சுருட்டி வைத்து, முகத்தில் ஓட்டைத் துணியை மூடினாள். கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமை, லயம் மொத்தமும் கூடிவிட்டது.

"ஒவ்வொருத்தரா வந்து கூப்புடுங்க. சின்ன ஆளுலருந்து ஆரம்பிங்க" என்றாள்.

"கங்காணி வர்றாரு!" என்று யாரோ கத்தினார்கள். அப்பா அசையவில்லை. கங்காணி கூட்டத்தில்தான் நின்றார், அவருக்கு முகம் சுண்டிப் போனது. "கணக்கப்பிள்ளை வர்றாரு!" முழங்கால் துடித்தது. "தொரை வர்றாரு!" அப்பா பெஞ்சைவிட்டு எழுந்து, துணியோடு நின்றார். எல்லோரும் ஹோ என்று சிரித்தார்கள்.

"கண்ணு போச்சு" என்றாள். "படுங்க."

மறுபடி படுத்தார். மறுபடி எழுந்தார். நாலாவது லயத்தில் ஒருத்தன் இருந்தான், தோட்டத்து மனேஜர் பெரிய துரை மாதிரியே பேசிக் காட்டுவான். "ஏய் மேன்! என்னா இது? வேலே இல்லியா?" என்று அவன் ஒரு சத்தம் போட்டதும் கூட்டத்தில் இரண்டு கிழவிகளே எழுந்து நின்றுவிட்டார்கள். அப்பா பதினோரு முறை எழுந்தார். நான் எண்ணினேன். பதினோராவது முறை அவருக்கு அழுகை வந்துவிட்டது.

"முடியல தங்கச்சி. நான் வேணும்னு பண்ணல. காலு பண்ணுது."

"தெரியும்ணே. கால யாரு பழக்குனா? அவனுங்க பழக்குனானுங்க. நாம திருப்பிப் பழக்குறோம், அம்புட்டுதான். நான் இருக்கேன்ல? நான் ஒருத்தனுக்கும் எந்திரிக்கிறதில்ல, என் காலு கழண்டா போச்சு? ஒரு தொரை வந்தா நாலு அமுக்கு அமுக்குங்க. எந்திரிக்க வேணாம், அமுக்குங்க. நான் பாத்துக்கிறேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தாள். அடுத்ததும் வந்தாள். கருவாட்டுக்காகத்தான் வருகிறாள் என்று அம்மா சொன்னாள். மூன்றாவது ஞாயிறு அப்பா ஐந்து முறை தொடர்ந்து எழும்பாமல் கிடந்தார். அப்போதுதான் ஜீப் வந்தது.

வேடிக்கை மும்முரத்தில் யாரும் கவனிக்கவில்லை. லயத்து முனையில் ஜீப் நின்று, கால்சட்டையும் தொப்பியுமாகப் பெரிய துரை இறங்கி வந்தார். கூட்டம் அப்படியே விறைத்தது. தலைத்துண்டெல்லாம் கக்கத்துக்குப் போனது. துரை மாதிரிப் பேசுகிறவன் ஒரு கோழிக்கூட்டுக்குப் பின்னால் மறைந்தான். நானும், வெட்கக்கேடு, நேராக நின்றேன். நான் அரசாங்க நர்ஸ், அவருக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமுமில்லை, இருந்தும் கால் தன்னால் சேர்ந்துகொண்டது.

உட்கார்ந்திருந்தது அவள். படுத்திருந்தது அப்பா.

"என்னா நடக்குது இங்க?" என்றார் துரை, செருமிக்கொண்டே.

அப்பாவின் முழங்கால் ஒருமுறை துள்ளியது. பிறகு கம்பளி மேல் அது அடங்கிவிட்டது.

"ஒப்பரேசன் பழகுறோம் சார்" என்றாள் முக்காலியிலிருந்தே.

"இந்த ஆள் எந்திரிக்க மாட்டானா?"

"மாட்டாரு சார். எந்திரிச்சா கண்ணு போச்சு."

துரை கொஞ்ச நேரம் அந்தப் பச்சைத் துணியையே பார்த்தார். தோட்டத்தில் தன் முன்னால் ஒருவன் கால் நீட்டிப் படுத்திருப்பதை அவர் அதற்கு முன்னால் பார்த்திருக்க மாட்டார். ஏசுவார் என்று நினைத்தோம். "குட்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். ஜீப்பை ஸ்டார்ட் பண்ணாமலே இறக்கத்தில் உருளவிட்டுப் போனார். படுத்திருக்கிறவருக்குத் தொந்தரவு வேண்டாம் என்றா, டீசலை மிச்சம் பிடிக்கவா என்று லயத்தில் ஒரு வாரம் தர்க்கம் நடந்தது.

துரை போனதும் அப்பா துணியை விலக்கி, "யாரு அது, நாலாவது லயத்துப் பயலா? நல்லாப் பேசுறான்" என்றார். யாரும் அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை. பயந்துவிடுவார் என்று நானும் சொல்லவில்லை.

ஒப்பரேஷன் அன்று அப்பா மேசையில் படுத்தார். டொக்டருடைய மேஜோட்டை அவள் அவருக்குத்தான் போட்டுவிட்டாள். வாயில் விரலை விட்டு வெற்றிலையைத் தேடினாள். பிறகு காதருகில் குனிந்தாள்.

"ஊசி இல்லண்ணே. வலிக்காது. ஆனா தொடுறது தெரியும், தண்ணி ஓடுறது தெரியும், வெளிச்சம் கண்ணக் குத்தும். அந்த வெளிச்சத்தையே பாத்துக்கிட்டுக் கெடங்க."

"தங்கச்சி" என்றார் அப்பா, "அன்னைக்கு ஜீப்புல வந்தது நெசத் தொரைதான்னு எனக்குத் தெரியும். முப்பது வருசமா அந்தச் செருமலக் கேக்குறேன், தெரியாதா?"

"எனக்கும் தெரியும்ணே. நாலு அமுக்கு அமுக்குனீங்கல்ல. ரெண்டு நாளு வெரலு மடங்கல."

நான் டொக்டருக்குப் பக்கத்தில் சாமான் எடுத்துக் கொடுக்கிற இடத்தில் நின்றேன். கைதான் வேலை செய்தது. கண் முழுக்க அந்தப் பெரிய கையிலும், அதற்குள் இருந்த கவ்வாத்துக்காரக் கையிலும்தான். சொட்டு விட்டார்கள். விளக்கைப் போட்டார்கள். அப்பாவின் கண் ஒருமுறை அங்குமிங்கும் ஓடியது, பிறகு வெளிச்சத்தில் நின்றது. ஓர் அமுக்கு வந்தது, "கைய எடுங்க" என்றாள், அப்பா இருமினார், மறுபடி தொடங்கினார்கள். புரை போனது. புது வில்லை உள்ளே போய் அழகாக உட்கார்ந்தது. டொக்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஏழெட்டு வருஷம் வாயைக் கட்டியிருந்த மனுஷன், கண்ணுக்குள் கருவி இருக்கும்போதே, மறந்துபோய்ப் பேசிவிட்டார்.

"ஐயா! சரி வந்திட்டுது! இன்னும் ரெண்டு நிமிசம்!"

பூனாகலைத் தாத்தா என் முன்னால் எழுந்து உட்கார்ந்தார். எனக்கு அப்படித்தான் தெரிந்தது. முருகா, முருகா என்று மட்டும் மனசுக்குள் ஓடியது. அப்பாவின் கை அவள் விரல்களை நெரித்தது. ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. கால் அசையவில்லை. தலை அசையவில்லை. கண் அந்த வெளிச்சத்தை விட்டு நகரவில்லை.

அவள் டொக்டரை முறைத்த முறைப்பில் அவர் அடுத்த இரண்டு நிமிஷமும் மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டார்.

மறுநாள் காலையில் வார்டில் கண்ணின் மூடியை எடுத்தார்கள். டொக்டரும் மேட்ரனும் கட்டிலருகே நின்றார்கள். அப்பா காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். கண்ணைத் திறந்து, மூடி, திறந்தார். டொக்டர் முகத்தைப் பார்த்தார். "தொரை இம்புட்டுச் சின்ன வயசா?" என்றார். என்னைப் பார்த்து, "நீ ஏம்மா இப்படி மெலிஞ்சு போயிட்ட?" என்றார். மேட்ரன் பக்கத்தில் நின்றார், டொக்டர் எதிரே நின்றார், அப்பா உட்கார்ந்தேதான் இருந்தார். அவர் வாழ்நாளில் அது முதல் தடவை. அதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை.

அப்போது பக்கத்துக் கட்டில்காரரின் பெட்பேனைத் தூக்கிக்கொண்டு அவள் அந்தப் பக்கம் வந்தாள். ரப்பர் செருப்பு சரக் சரக்கென்று இழுபட, யாரையோ ஏசிக்கொண்டே வந்தாள். அப்பா அவளை அதற்கு முன்னால் சரியாகப் பார்த்ததில்லை. வெள்ளை மூடிய கண்ணில் அவள் ஒரு குரலும் ஒரு கையும்தான். குரலைக் கேட்டுத் திரும்பினார். பார்த்தார்.

கட்டிலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி, எழுந்து நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கினார்.

"அண்ணே!" என்று கத்தினாள். "ஒக்காருங்க! எந்திரிச்சா கண்ணு போச்சு!"

"போனாப் போவுது தங்கச்சி" என்றார் அப்பா.

அவள் வாயடைத்து நின்றதை நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். மேட்ரனும் பார்த்தார். கையில் நிறைந்த பெட்பேனோடு, எங்கே வைப்பது என்று தெரியாமல், அவள் நின்றுகொண்டே இருந்தாள். அப்பாவும் உட்காரவில்லை.